பதினாறு ஜிபியும் ஐந்தரை ஆளும்

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று காதுகுத்துப் பந்தியில் பக்கத்து இலை அம்மா கேட்டார். "திருவாரூர்ல கம்ப்யூட்டர் வேலைங்கிறியே, அங்க என்னம்மா பண்ணுவீங்க?" வெளிநாட்டு ரோட்டுப் படங்கள் வரும், அதில் தெரிகிற கார், சைக்கிள், ஆள் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும், டிரைவர் இல்லாமல் ஓடும் காருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். "கட்டம் போடவா எம்.எஸ்ஸி. படிச்சே?" என்று கேட்டுவிட்டு, ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்க ஆரம்பித்தார்.

இன்று அந்தக் கட்டத்தையும் போட முடியவில்லை. லேப்டாப் ஒன்பது முறை ஹேங். மவுஸை ஆட்டினால் அம்பு மட்டும் அசைகிறது. படம் செத்துக் கிடக்கிறது. அந்த நிமிஷமெல்லாம் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்ததாகக் கண்காணிப்பு சாஃப்ட்வேர் குறித்துக்கொள்ளும். 'ஐடில்' என்று அதற்குப் பெயர். மாதக் கடைசியில் ஸ்கோரில் குறையும்.

சாயங்காலம் மையத்தின் மேனேஜர் மதிவாணன் சார் கூப்பிட்டார். சென்னைத் தலைமை அலுவலகம் புது லேப்டாப் வாங்க யோசிக்கிறதாம். ஒரு ஆளுக்கு உண்மையில் எவ்வளவு மெமரி வேண்டும் என்று அறிக்கை கேட்கிறார்கள்.

"டீம் லீடர் நீங்கதானே வானதி. இருபத்து நாலு பேரையும் பாத்து எழுதிக் குடுங்க. மூணு நாலு வாரம் எடுத்துக்கங்க."

ஆறு வருஷத்தில் இப்போதுதான் முதல்முறையாக என்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

முபாரக் பாய் உதவுகிறார். நாகூர்க்காரர். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் அவர்தான் திறந்து பார்ப்பார்.

"மெமரின்னா பெரிசா ஒண்ணுமில்லம்மா. ஒரே நேரத்துல எத்தனையை வெளியில எடுத்து வச்சுக்கலாம்கிறதுதான். இடம் பத்தலேன்னா ஒண்ணை உள்ள வச்சுட்டு இன்னொண்ணை எடுக்கும். அந்த நேரந்தான் உங்களுக்கு ஹேங்கு."

எங்கள் லேப்டாப்பில் இருப்பது எட்டு ஜிபி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எழுதினோம். விண்டோஸுக்கு மூன்று. கட்டம் போடும் டூலுக்கு நாலரை, கூட்டமான தெருவென்றால் ஆறரை வரை போகிறது. எங்களைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேருக்கு ஒன்றரை. நிமிஷத்துக்கு ஒருமுறை அது எங்கள் திரையைப் படம்பிடிக்கிறது. வேலை செய்ய விடாமல் செய்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று குறித்துக்கொள்வதும் அதுதான்.

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். என் பக்கத்து இருக்கை அவளுடையது. நாகப்பட்டினத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள். புருஷன் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுக்கு இவள் சம்பளம் மட்டும்தான். ஒரு கட்டம் கோணாமல் போடுவதில் இங்கே அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு வாய்த்தது பதினாலாம் நம்பர் மெஷின். இருக்கிறதிலேயே மோசம்.

"மெமரி மட்டும் எழுதினா அவங்களுக்கு உறைக்காது வானதி. எவ்வளவு நேரம் போகுதுன்னு எழுது. ஆள் ஆளுக்கு எழுது. என்னோடதை முதல்ல எழுது."

நல்ல யோசனை. அறிக்கையில் ஒரு பத்தி கூட்டினேன்: ஒரு நாளில் ஹேங் ஆகி வீணாகும் நேரம்.

செப்டம்பர் 20, வெள்ளி

செவ்வந்தி: 172 நிமிஷம். நான்: 61.

ஒரே கூரை, ஒரே எட்டு மணி நேரம்.

செப்டம்பர் 27, வெள்ளி

அட்டவணை முடிந்தது. அழகாக வந்திருக்கிறது. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன் – மூன்று முறை திறந்து சும்மா பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகிறவர்களுக்கு மஞ்சள், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் சிவப்பு. சராசரி ஒரு ஆளுக்கு 110 நிமிஷம்.

மெமரி உச்சத்தில் பதினொன்று வரை தொடுகிறது. ஆகவே பதினாறு போதும். அதற்கு மேல் வீண்.

மதிவாணன் சார் சிரித்தார். "முப்பத்திரெண்டுன்னு போடுங்க. அவங்க பாதியாக் குறைச்சுப் பதினாறு குடுப்பாங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தான் கேக்குறாங்க."

"தேவையில்லாததைக் கேட்டா ஒட்டுமொத்தமா வேணாம்னுட்டா சார்?"

"சரி, உங்க இஷ்டம்."

செவ்வந்தியிடம் சொன்னேன். "உண்மையையே போடு. உண்மைதான் நமக்குச் சாதகமா இருக்கே" என்றாள். பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

அனுப்பியாயிற்று. அனுப்புவதற்கு முன் மதிவாணன் சார் ஒரு வரியை எடுத்துவிட்டார். 'கண்காணிப்பு சாஃப்ட்வேரை நிறுத்தினால் பழைய மெஷினிலேயே வீணாகும் நேரம் பாதியாகக் குறையும்' என்பது அந்த வரி. முபாரக் பாய் நாலு மெஷினில் சோதித்துப் பார்த்துச் சொன்னது.

"இதைப் படிச்சா அவங்களுக்குக் கோவம் வரும்மா."

வாதாடியிருக்கலாம். பேசாமல் இருந்துவிட்டேன். அட்டவணையில் கை வைக்காமல் விட்டாரே, அது போதும் என்று நினைத்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சென்னையிலிருந்து மெயில். "மிகத் தெளிவான அறிக்கை. குறிப்பாக வீணாகும் நேரம் பற்றிய பகுதி." மதிவாணன் சார் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கைதட்டினார்கள். செவ்வந்தி பலமாகத் தட்டினாள்.

நவம்பர் 11, திங்கள்

லேப்டாப் வந்தது. பதினாறு ஜிபி. மழை பெய்துகொண்டிருந்ததால் பெட்டிகள் நனையாமல் படியேற்றப் பெரும் பாடு.

பதினெட்டுப் பெட்டி.

இரண்டு முறை எண்ணினேன். முபாரக் பாயும் எண்ணினார். "பாக்கி அடுத்த லோடுல வரும்மா" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

வராது. பாக்கி என்று ஒன்று கிடையாது.

இருபத்து நாலு பேர், தலைக்கு நூற்றுப் பத்து நிமிஷம். மொத்தம் நாற்பத்து நாலு மணி. எட்டால் வகுத்தால் ஐந்தரை ஆள். புது லேப்டாப் வந்தால் அந்த நேரம் மிச்சம். நேரம் மிச்சமென்றால் ஆள் மிச்சம். அரை ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாது, அதனால் ஆறாக்கிவிட்டார்கள். சென்னை மெயிலில் இந்தக் கணக்கு இருக்கிறது. கீழே என் அட்டவணையை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். மஞ்சள், சிவப்பு எல்லாம் அப்படியே.

எந்த ஆறு பேர்? கடந்த ஆறு மாத ஸ்கோரில் கடைசி ஆறு.

ஸ்கோர் ஏன் குறைந்தது? மெஷின் ஹேங் ஆனது. மெஷின் ஹேங் ஆனதற்கு ஆதாரம்? அதே பக்கத்தில் இருக்கிறது. நான் எழுதியதுதான். ஒரே தாளில் இரண்டும் இருந்தும் ஒருத்தருக்கும் கண் தெரியலையா? இல்ல, தெரிஞ்சேதான் பண்ணினாங்களா?

பட்டியலில் முதல் பெயர் செவ்வந்தி.

மதிவாணன் சார் அறைக்குப் போனேன். ஹேங் ஆன நேரத்தைக் கழித்துவிட்டு ஸ்கோரைத் திரும்பப் போட்டால் செவ்வந்தி முதல் மூன்றில் வருகிறாள் என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"எனக்குத் தெரியாதா வானதி? நல்ல வேலைக்காரி. ஆனா இதை அனுப்பினா வேற ஒரு பேரு கேப்பாங்க. அந்தப் பேரை நீங்க சொல்லுங்க, நான் அனுப்புறேன்."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

செவ்வந்தி கணக்கு முடிக்க வந்திருந்தாள். ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். மேஜை டிராயரிலிருந்து சீப்பு, தைலம், ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நான் படி வரைக்கும் கூடப் போனேன். "சாரி" என்றேன்.

"எதுக்கு? எழுதச் சொன்னதே நான்தானே."

"நான் யோசிச்சிருக்கணும்."

"நீ என் நேரத்தை எழுதின. அவங்க என்னையும் சேத்துக் கழிச்சுட்டாங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு கேட்டாள்: "ஒண்ணு மட்டும் சொல்லு. பதினாலாம் நம்பரை எனக்குக் குடுத்தது யாரு?"

அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் மெஷின் பிரித்துக் கொடுத்தது டீம் லீடர். அது ஆரம்பத்திலிருந்தே தகராறு பிடித்தது என்று முபாரக் பாய் சொல்லியிருந்தார். மற்றவர்களிடம் கொடுத்தால் தினமும் என்னிடம் வந்து புலம்புவார்கள். இவள் புலம்ப மாட்டாள் என்று இவளுக்குக் கொடுத்தேன்.

"நான்தான்" என்றேன்.

"ம்" என்றாள். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்த நாலு மா நிலத்தில் சம்பா முழுகிக் கிடக்கிறது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியவில்லை. காலையிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்துப் போட்டுவிட்டு, விறைத்துப்போய் வந்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கால் விரல்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவரே கேட்டார். "இன்னும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கியா? கேட்டாங்க, உள்ளதைச் சொன்ன. அதுல என்ன தப்பு?"

முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தால்? விலை அதிகம் என்று மறுத்திருப்பார்கள். ஒன்றும் வந்திருக்காது. எல்லோரும் ஹேங் ஆன மெஷினைத் திட்டிக்கொண்டு இருபத்து நாலு பேராகவே இருந்திருப்போம். மதிவாணன் சார் அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னாரா, சும்மா சொன்னாரா? இனிமேல் கேட்கவும் முடியாது.

டிசம்பர் 9, திங்கள்

புது மெஷினில் நாலு வாரமாக ஒரு ஹேங் இல்லை. இன்று ஒரு நாள் இலக்கை முந்நூற்று இருபது படத்திலிருந்து நானூறாக்கிவிட்டார்கள்.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு இவருக்கு வேட்டி எடுக்கத் திருவாரூரில் பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். கூட்டம். இரண்டாம் மாடியில் சீருடைச் சேலையில் செவ்வந்தி நின்றிருந்தாள்.

"வாங்கக்கா. என்ன பாக்குறீங்க? கரை சின்னதா, பெரிசா?"

என்னைவிட ஒரு வயது மூத்தவள் அவள். ஒருநாளும் என்னை அக்கா என்றதில்லை. அவளுக்குப் பின்னால் கழுத்தில் விசில் மாட்டிய சூப்பர்வைசர் நின்றிருந்தான். அவனுக்காகத்தான் அப்படிப் பேசினாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவன் அந்தப் பக்கம் போனான். அவள் பேச்சு மாறவில்லை.

"எப்படி இருக்கே செவ்வந்தி?"

"நல்லா இருக்கேங்க. இது நாலு முழம். பொங்கலுக்குக் கட்டன்னா எட்டு முழம் எடுத்துக்கங்க. பில்லு கீழ போடுவாங்க."

சுவர் ஓரம் மூன்று ஸ்டூல் இருந்தது. விற்கிற பெண்களில் ஒருத்தியும் உட்காரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

சென்னையிலிருந்து எனக்கு நேராகவே மெயில். பட்டுக்கோட்டை மையத்திலும் பழைய எட்டு ஜிபி மெஷின்தான், அங்கே பதினேழு பேர். திருவாரூருக்குச் செய்ததைப் போலவே அவர்களுக்கும் ஒரு அறிக்கை வேண்டும். 'வீணாகும் நேரத்தை ஆள்வாரியாகக் கட்டாயம் குறிக்கவும்.' இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நான் இதில் தேர்ந்தவளாகிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

பட்டுக்கோட்டை டீம் லீடர் பெயர் பிரகதீஸ்வரி. இதற்கு முன் பேசியதில்லை. அவள் அனுப்பிய கணக்கைக் கூட்டினேன். தலைக்குத் தொண்ணூற்றைந்து நிமிஷம். மொத்தம் இருபத்தேழு மணிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டால் வகுத்தேன். மூன்று ஆளுக்கு மேல்.

என்ன எழுத? உள்ளதை எழுதினால் மூன்று பேர், இல்லை நாலு பேர் வீட்டுக்குப் போவார்கள். இல்லையென்று எழுதினால் பதினேழு பேரும் அந்த மெஷினோடு தினமும் மாரடித்து, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததாகப் பேர் வாங்க வேண்டும். எது நல்லது என்று நான் யார் சொல்ல? போன தடவை நானேதான் முடிவு பண்ணினேன். செவ்வந்தி ஒருத்தியைத் தவிர யாரிடமும் கேட்கவில்லை. அவளிடமும் முழுசாகக் கேட்டேனா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் சொந்த போனிலிருந்து கூப்பிட்டேன். திருவாரூரில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எங்கள்ல எத்தனை பேரு போவாங்கக்கா?"

"மூணு. இல்ல நாலு."

"யாருன்னு எப்படி எடுப்பாங்க?"

"ஸ்கோர் பாத்து."

"அப்ப, யாரு மெஷின் ரொம்ப ஹேங் ஆகுதோ அவங்க" என்றாள்.

எனக்குச் சென்னை மெயிலைப் பார்த்த பிறகுதான் தெரிந்த விஷயம் அவளுக்கு ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது.

"நான் எப்படி எழுதணும்னு நீங்க பதினேழு பேரும் பேசிச் சொல்லுங்க. நீங்க சொல்றதை எழுதுறேன்."

"மாட்டினா உங்களுக்குப் பிரச்சினை ஆயிடுமேக்கா."

"ஆகட்டும்."

சொல்லிவிட்டேன். சம்பா கண்டுமுதல் பாதிகூடத் தேறவில்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் என் சம்பளம் ஒன்றுதான்.

பிப்ரவரி 8, சனி

பிரகதீஸ்வரி கூப்பிட்டாள். வேலை முடிந்து எல்லோரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று பேசினார்களாம். இரண்டு பேர் புது லேப்டாப்தான் வேண்டும் என்றார்களாம். அவர்கள் ஸ்கோர் நன்றாக இருக்கிறது. அவர்களில் ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாளாம்: "யாரோ போறதுக்காக நான் ஏன் தெனம் திட்டு வாங்கணும்?" அவள் சொல்வதிலும் தப்பில்லை.

"அப்புறம்?"

"கடைசில ஒத்துக்கிட்டாங்கக்கா. அந்த ஒருத்தி மட்டும் இன்னும் எங்கூடப் பேசல. எட்டே போதும்னு எழுதுங்க."

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் மெஷினைப் போட்டதும், திரையில் ஒரே ஒரு விண்டோ திறந்திருக்கும்போது எடுத்த அளவுகளை அவர்கள் புதிதாக அனுப்பினார்கள். அவற்றைப் போட்டேன். ஆறு, ஆறரை, ஐந்தே முக்கால். வீணாகும் நேரம்: தலைக்கு ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம், ஆறு நிமிஷம். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை.

முபாரக் பாயும் கையெழுத்துப் போட வேண்டும். அட்டவணையை மேலிருந்து கீழே வரை படித்தார். இருபது வருஷமாக மெஷின் பார்க்கிறவர். "பட்டுக்கோட்டை மெஷினுக்கு நல்ல உடம்பும்மா" என்றார். பேனாவை வாங்கிப் போட்டார்.

முடிவுரை: 'பட்டுக்கோட்டை மையத்தின் பணிக்குத் தற்போதுள்ள எட்டு ஜிபி மெமரி போதுமானது.' நான் எழுதிய அறிக்கைகளில் இது இரண்டாவது. முதலாவதில் ஒரு எண்ணும் பொய்யில்லை.

செவ்வந்திக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததை நாலு வரியில் அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

சென்னையிலிருந்து பதில் வந்தது. பட்டுக்கோட்டைக்கு இந்த ஆண்டு கொள்முதல் இல்லை. ஆட்களிலும் மாற்றம் எதுவுமில்லை. ஒரே வரி, பாராட்டு கிடையாது.

பதினொன்றரை மணிக்குப் பிரகதீஸ்வரியிடமிருந்து போன். வேலை நேரத்தில் கூப்பிட மாட்டாளே என்று பயந்துபோய்ப் படிக்கட்டுக்கு வந்து எடுத்தேன்.

"ஒண்ணுமில்லக்கா. ஹேங் ஆயிடுச்சு. சும்மாதானே உக்காந்திருக்கேன்னு கூப்பிட்டேன்."

என்ன குழம்பு என்று கேட்டாள். சொன்னேன். பேசாமலிருந்த அந்தப் பெண் நேற்று இவளுக்கு ஒரு மாதுளம்பழம் கொண்டுவந்து கொடுத்தாளாம். ஆனால் இன்னும் பேசவில்லையாம். எங்கள் இருவர் பேரிலும் ஐடில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய படம் அசையும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.